உப்புத்தாள்

வடசேரிப் பட்டறையின் மாடியில்
இரும்புப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நடுவே என் மேசை.
கல் பதிப்பது என் வேலையல்ல.
கல்லோடு காகிதம் பொருந்துகிறதா என்று பார்ப்பது.

ஐப்பசி ஆர்டர் ஒரு நண்டு.
உள்ளங்கை அகலம், பதினெட்டு காரட்.
ஓட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சிட்டிகை உப்புக்கு இடம்.
ஜெனீவாவில் யாரோ ஒருவர்
அவித்த மீனுக்கு உப்புத் தூவ
எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் வேண்டியிருக்கிறது.

முதுகில் இருநூற்றுப் பன்னிரண்டு கார்னெட்.
கல்லுக்கொரு எண், எண்ணுக்கொரு தாள்.
தாள் சொல்கிறது:
இது எடுத்த குழியில் குழந்தை இறங்கவில்லை.
எடுத்தவர் கைக்கே கூலி போனது.
குழியை மூடினார்கள். மூடிய மண்ணில்
மரவள்ளி நட்டார்கள்.

மரவள்ளி!
நான் பார்த்தேயிராத ஒரு மலைச்சரிவில்
எங்கள் மரச்சீனி முழங்கால் உயரம் நிற்கும் படம்.
பக்கத்தில் மண்வெட்டியோடு ஒருத்தி
கேமராவை விட்டு வேறெங்கோ பார்க்கிறாள்.
அவள் பெயரும் இருந்தது. வாய்விட்டுப் படித்தேன்.
நாலாவது எழுத்தில் நாக்கு இடறிற்று.
திரும்பவும் படித்தேன்.

கீழே தாணுலிங்கம்
அரக்கில் நண்டை அமர்த்தி
கால் காலாய்த் தேய்த்துக்கொண்டிருந்தார்.
கண்ணுக்குரிய இரண்டு கல் இன்னும் வரவில்லை.
குருட்டு நண்டு, பொறுமையாய்க் கிடந்தது.
அவர் விரலில் சுற்றியிருந்த உப்புத்தாள்
செம்மண் நிறம். வாங்கித் திருப்பினேன்.
முதுகில் இருநூற்றிருபது என்று ஓர் எண்.
அவ்வளவுதான். பெயரில்லை, ஊரில்லை.

ஊர் எனக்குத் தெரியும்.
நான் சின்னவிளைக்காரி.
அலை திரும்பிப்போன ஈரத்தில்
கறுப்பும், கறுப்பின் விளிம்பில் சிவப்பும்
வரிவரியாய்ப் படிந்து கிடக்கும் கரை.
அந்தச் சிவப்பும் கார்னெட்தான்.
இதில் ஒட்டியிருப்பது எங்கள் கரையுடையதா,
வேறு எவர் கரையுடையதா,
சத்தியம் செய்ய என்னால் ஆகாது.
ஆனால் விரலில் ஒட்டியதை
எங்கே கண்டாலும் தெரியும் எனக்கு.
பள்ளிக்கூடச் சீருடை மடிப்பிலிருந்து
ராத்திரி உதறின பொடி அது.

தணிக்கைக்கு மும்பையிலிருந்து பல்லவி வந்திருந்தாள்.
நல்ல பெண். செருப்பை வாசலிலேயே கழற்றினாள்.
பொன்னைக் கேட்டாள், கல்லைக் கேட்டாள்,
அமிலத்தை எங்கே ஊற்றுகிறீர்கள் என்றுகூடக் கேட்டாள்.
உப்புத்தாளை நீட்டினேன்.
தேய்ந்து போகிற பொருள் பட்டியலில் வராது என்றாள்,
கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

அவள் போனபின் ஒரு வெற்றுப் படிவம் எடுத்தேன்.

எடுத்த இடம்: எங்கள் அடுக்களைக்குப் பின்னால்.
எடுத்தவர்: ரெஜினம்மாள், என் அம்மை. படம் இல்லை.
கூலி: சாக்குக் கணக்கு. சாக்கு பெரிது.
குழந்தை இறங்கியதா: ஆம், விளையாட.
விளையாட்டு எங்கே முடிந்து
வேலை எங்கே தொடங்கியது என்பதற்குக் கட்டம் போதவில்லை.
குழி மூடப்பட்டதா: கடல் மூடிற்று.
கூடவே ரெண்டு தென்னையையும்.
தண்ணீர் தெளிவா: மீனிடம் கேட்கவும்.

வியாழக்கிழமை கண் வந்தது, தாளோடு.
நண்டு பார்க்கத் தொடங்கியது.
பஞ்சில் பொதிந்து, தாள்களை அடுக்கி,
இருநூற்றுப் பதினான்குக்குக் கீழே
என்னுடையதையும் சொருகி, அரக்கு முத்திரை வைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மின்னஞ்சல்.
ஒரு தாள் கூடுதலாக உள்ளது.
எந்தக் கல்லுக்கு உரியது? தெளிவுபடுத்தவும்.

திங்கள்சந்தை பஸ்ஸை விட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
படியிறங்கிப் போய்த் தாணுலிங்கத்திடம் காட்டினேன்.
ஊதுகுழலை ஓரமாய் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

‘அந்தக் கொடுக்குக்க உள்பக்கம்
தடவிப் பாத்தா வழுவழுண்ணு இருக்கும்லா,
அதுக்குள்ளதுண்ணு எழுதும்மா.’